பல்லைப் பிடித்துப் பார்த்த பைக்

(ஒத்தக்கடையில் ஒரு பழைய ஓட்டு வீடு. திண்ணையில் மாமா அமர்ந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் மாட்டுத் தரகு செய்தவர். தொழிலை விட்ட பிறகும் தோளில் கிடக்கும் துண்டை விடாதவர். வாசலில் ஒரு குட்டியானை வந்து நிற்கிறது. டாட்டா ஏஸ் வண்டியைத்தான் சொல்கிறேன். யானைமலை அடிவாரத்தில் இதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. அதன் முதுகில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள். அதை அணைத்துப் பிடித்தபடி மாமாவின் அக்காள் மகன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் பிரிவு எழுத்தர்.)

மாமா: மாப்பிள்ளை, திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் போய் வண்டியில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தானே காலையில் புறப்பட்டாய்? இப்போது நீயும் வண்டியுமாகச் சேர்ந்து இன்னொரு வண்டியில் வந்து இறங்குகிறீர்கள்.

மாப்பிள்ளை: வாடிப்பட்டி வரைக்கும் நான்தான் மாமா ஓட்டி வந்தேன். அங்கே ஒரு தேநீர்க் கடை வாசலில் இரண்டு முறை இருமியது, பிறகு நின்றுவிட்டது. எவ்வளவு உதைத்தும் எழுந்திருக்கவில்லை.

மாமா: சரி, இது என்ன இனம்? காங்கேயமா, புலிக்குளமா?

மாப்பிள்ளை: ஹீரோ இம்பல்ஸ். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த 2011ஆம் ஆண்டிலேயே வெளிவந்த வண்டி. 149 சிசி, 13 குதிரைத்திறன், வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 245 மில்லிமீட்டர் இடைவெளி. பந்தயத்துக்கென்றே செய்த டர்ட் பைக்குக்கு முகப்பு விளக்கும் இருக்காது, நம்பர் பிளேட்டும் இருக்காது; அதைச் சாலையில் ஓட்டினால் பிடித்துக்கொள்வார்கள். இது அப்படியல்ல, தார்ச் சாலையிலும் ஓடும், கரட்டுப் பாதையிலும் ஓடும்.

மாமா: இப்போதைக்கு இரண்டிலும் ஓடாது. பதின்மூன்று குதிரைகளில் ஒன்றாவது வாடிப்பட்டியில் இறங்கித் தள்ளியிருக்கக் கூடாதா? அது கிடக்கட்டும். வாங்குவதற்கு முன்னால் என்ன பார்த்தாய்?

மாப்பிள்ளை: (பெருமையுடன்) எதையும் விடவில்லை மாமா. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் வெட்டியிருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி அச்சும் எடுத்துக்கொண்டேன். முன்பு வாங்கிய வாகனக் கடன் அடைந்துவிட்டதற்கான 35ஆம் எண் படிவத்தையும், பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களையும் கையெழுத்தோடு வாங்கினேன். 2012இல் பதிவானது என்பதால் பதினைந்து ஆண்டுக் கணக்கில் 2027 வரை பதிவு செல்லும். காப்பீடு உயிரோடு இருக்கிறது.

மாமா: காப்பீடாவது உயிரோடு இருக்கிறதே. இவ்வளவையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆயிற்று?

மாப்பிள்ளை: ஒரு மணி நேரம்.

மாமா: வண்டியைப் பார்க்க?

மாப்பிள்ளை: மூன்று நிமிடம். நிறம் நன்றாக இருந்தது.

மாமா: மூக்கணாங்கயிற்றைத் திரி திரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாட்டைத் திரும்பிப் பாராமல் ஓட்டி வந்திருக்கிறாய். எவ்வளவு கொடுத்தாய்?

மாப்பிள்ளை: 45,000 ரூபாய்.

(மாமா பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறார். இரண்டு பேரும் ஓட்டுநரும் சேர்ந்து வண்டியை இறக்குகிறார்கள். மாமா அதை இடமிருந்து வலமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். பிறகு பின்சக்கரத்தின் அருகே குந்துகிறார்.)

மாமா: இதன் பல்லைக் காட்டு.

மாப்பிள்ளை: வண்டிக்கு ஏது மாமா பல்?

மாமா: செயின் ஓடுகிற இந்தச் சக்கரத்தைச் சுற்றி இருப்பதற்குப் பெயர் என்ன?

மாப்பிள்ளை: ஸ்ப்ராக்கெட். அதில் இருப்பது... பல்தான்.

மாமா: தானமாய் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, நீ 45,000 கொடுத்திருக்கிறாய். மாட்டுக்கு இரண்டு பல் போட்டால் இரண்டரை வயது, எட்டுப் பல்லும் சேர்ந்தால் ஐந்து வயது என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்துத்தான் வயது சொல்ல முடியும். வண்டிச் சக்கரத்தின் புதுப் பல் மழுங்கலாகவும் அகலமாகவும் இருக்கும். இதைப் பார், ஒவ்வொன்றும் கருக்கரிவாள் நுனி போலக் கூராகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் பல்லை விட்டு எழும்புகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியதாகச் சொன்னான்?

மாப்பிள்ளை: 18,000. மீட்டரிலும் அப்படித்தான் இருக்கிறது.

மாமா: மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடைக்கானலுக்கே போய் வரலாம். மீட்டர் விற்கிறவன் சொன்னதைச் சொல்லும். பல் தான் மென்றதைச் சொல்லும்.

(என்ஜினுக்கு அடியில் இரண்டு செங்கலும் ஒரு பலகையும் வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குகிறார்கள். மாமா ஹேண்டிலை மெல்ல இடமும் வலமுமாகத் திருப்புகிறார். நடுவில் வரும்போது ஒரு சிறிய ‘கடக்’ ஒலி கேட்கிறது.)

மாமா: கழுத்தில் பிடிப்பு இருக்கிறது.

மாப்பிள்ளை: அதைக் கோன் செட் என்பார்கள். நேராகவே ஓடிப் பள்ளத்தில் விழுந்து விழுந்து, உள்ளே குண்டுகள் உட்கார்ந்த இடம் குழியாகிவிடுமாம்; அதனால் ஹேண்டில் நடுவிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நேற்றிரவுதான் படித்தேன்.

மாமா: படித்ததை இன்று காலை செய்து பார்த்திருக்கலாம். முன்காலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருக்கிறதே, இது என்ன?

மாப்பிள்ளை: ஃபோர்க் சீல் போயிருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர்.

மாமா: மூக்கு ஒழுகுகிற மாடு. கால் வைக்கும் கட்டை ஒன்று மேல்நோக்கி வளைந்திருக்கிறது, பிரேக் லீவரின் நுனி உடைந்திருக்கிறது. பல முறை வலது பக்கமாக விழுந்திருக்கிறது. என்ஜினுக்கு மட்டும் பளபளவென்று புதுக் கறுப்புச் சாயம்! சந்தைக்கு ஓட்டுவதற்கு முதல் நாள் நாங்கள் கொம்புக்குச் சாயம் பூசுவோம். இவன் எண்ணெய்க் கசிவின் மேல் பூசியிருக்கிறான். சரி, ஒரே ஒரு கேள்வி. நீ போய் நின்றவுடன் என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தாயா?

மாப்பிள்ளை: வைத்தேன் மாமா. நல்ல சூடாக இருந்தது. உயிரோட்டமான வண்டி என்று மகிழ்ந்துபோனேன்.

(மாமா நெற்றியில் அடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.)

மாமா: பால் மாடு விற்கிறவன் சந்தை நாளுக்கு முந்தைய மாலையும் அன்று காலையும் கறக்காமல் விட்டுவிடுவான். மடி குடம் போலக் கனத்து நிற்கும். வாங்க வந்தவன், பத்து லிட்டர் கறக்கும் என்று மயங்கிப் பணத்தை எடுப்பான். உனக்கும் அதே மடிதான் காட்டப்பட்டிருக்கிறது. குளிர்ந்த என்ஜின் எழுந்திருக்க மறுக்கும் என்பது அவனுக்குத் தெரியும்; ஆகவே நீ வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே எப்படியோ எழுப்பி, ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறான். பழைய வண்டி பார்க்கப் போகிறவன், நான் வருகிறவரைக்கும் அதைத் தொடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். போய்த் தொட்டுப் பார்க்கும்போது சூடாக இருந்தால் காப்பியைக் குடித்துவிட்டு, குளிர்கிறவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: அவர் காப்பி கொடுத்தார் மாமா. படிவங்களை நிரப்பிக்கொண்டே குடித்தேன்.

(மறுநாள் ஞாயிறு. எண்பத்துநான்கு உதைகளுக்குப் பிறகு மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் அமர்ந்திருக்கிறார். எதிரே ஸ்பேனர்கள். எண்பத்துநான்கு என்பது அவருடைய குறிப்பேட்டில் உள்ள கணக்கு, நான் எண்ணவில்லை.)

மாப்பிள்ளை: மூன்றே மூன்றுதான் மாமா வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி. எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துவிட்டால் நோய் தெரிந்துவிடும். முதலில் தீப்பொறி. ப்ளக்கைக் கழற்றி மூடிக்குள் செருகிவிட்டேன். அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி நீங்கள் பிடியுங்கள். நான் உதைக்கிறேன். முனையில் நீலப் பொறி தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

மாமா: உலோகத்தை நான் தொடலாமா?

மாப்பிள்ளை: கூடாது என்று சொல்ல நினைத்தேன்.

(அதற்குள் உதைத்துவிடுகிறார். மாமா இரண்டடி பின்னால் போய்த் திண்ணையில் விழுகிறார்.)

மாமா: இருக்கிறது. எவ்விதச் சந்தேகத்துக்கும் இடமின்றி இருக்கிறது.

மாப்பிள்ளை: (குறிப்பேட்டில் எழுதியபடி) தீப்பொறி, சரி. அடுத்தது காற்று. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஃபில்டரே இல்லை. காற்று தாராளமாகப் போகட்டும் என்று பழைய சொந்தக்காரர் கழற்றி எறிந்திருப்பார் போலிருக்கிறது. புழுதிப் பாதையில் ஓட்டுகிற வண்டிக்கு அது மூக்கு மயிரைப் போன்றது. அது இல்லாவிட்டால் மண் நேராகப் பிஸ்டனுக்குப் போய்ச் சுவரை உரசும். புதிது வாங்க வேண்டும். மூன்றாவது பெட்ரோல், ஆகவே அதைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்ரேட்டரைக் கழற்றப் போகிறேன்.

மாமா: அது இருக்கட்டும். கீழே விரித்திருக்கிறாயே, அது என்னுடைய புது வேட்டி அல்லவா?

மாப்பிள்ளை: வெள்ளைத் துணி விரித்து வேலை செய்தால் சிறு பாகம் விழுந்தாலும் தெரியும் என்று படித்தேன்.

மாமா: அந்தப் புத்தகம் யார் வேட்டி என்று சொல்லவில்லையா?

(கார்ப்ரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தின் திருகுகளை மாப்பிள்ளை திருப்புகிறார். இரண்டு வருகின்றன. மூன்றாவது வழுக்குகிறது.)

மாப்பிள்ளை: மண்டை மழுங்கிவிட்டது மாமா. இது ஜப்பானிய அளவுத் திருகு. பார்ப்பதற்கு நம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்துவது போலவே இருக்கும், ஆனால் அடிவரை உட்காராமல் எழும்பி வந்து மண்டையைத் தின்றுவிடும். அதற்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது என்பதை இந்த நொடியில்தான் அறிந்துகொண்டேன்.

(மாமா எழுந்து வந்து, திருகின் மண்டையில் சுத்தியலால் மெதுவாக நான்கு தட்டுத் தட்டி, இடுக்கியால் பிடித்துத் திருப்புகிறார். வந்துவிடுகிறது. கிண்ணத்தைக் கவிழ்த்ததும் வேட்டியின் நடுவே செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் படர்கிறது.)

மாமா: பெட்ரோல் என்று சொன்னாய். கண்மாய்த் தண்ணீர் வருகிறது.

மாப்பிள்ளை: துரு மாமா. வண்டி பல மாதங்கள் சும்மா நின்றிருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட நாள் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துரு பிடிக்கவைக்கும். ஓடும்போது அந்தத் துரு குலுங்கி இறங்கி வழியை அடைத்திருக்கிறது. அதனால்தான் வாடிப்பட்டி வரை வந்தது. இதோ, இந்தச் சின்ன ஜெட்டில் தலைமுடி நுழையும் அளவுக்குத்தான் துளை. இது அடைத்தால் வண்டி குளிரில் எழுந்திருக்காது, எழுந்தாலும் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் அணைந்துவிடும்.

மாமா: உன் அத்தையின் ஊக்கு ஒன்று கொண்டு வரட்டுமா, குத்தி எடுத்துவிடலாம்.

மாப்பிள்ளை: வேண்டாம்! துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். மின்கம்பியின் செம்பு இழை ஒன்றே ஒன்று போதும். செம்பு மெத்தென்று இருப்பதால் ஜெட்டைச் சுரண்டாது. பிறகு பம்பால் காற்றடிக்க வேண்டும்.

மாமா: பரவாயில்லை, எண்பத்துநான்கு உதைக்குப் பிறகு ஏதோ ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறாய். டேங்கை என்னிடம் விடு. பித்தளைப் பாத்திரத்தின் களிம்புக்கு உன் அத்தை எதைப் போடுகிறாள்? புளி. புளிப்பு துருவையும் தின்னும். அரை கிலோ புளியைக் கரைத்து ஊற்றி, இருபது நட்டுகளை உள்ளே போட்டு, இரண்டு பேரும் ஊஞ்சல் ஆட்டுவது போல ஆட்டுவோம்.

(ஆட்டுகிறார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். சாமி வந்திருக்கிறதா என்று ஒரு பாட்டி விசாரிக்கிறார். இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் கவிழ்த்து, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைக்கிறார்கள்.)

மாப்பிள்ளை: மாமா, உள்ளே எத்தனை நட்டு போட்டோம்?

மாமா: இருபது.

மாப்பிள்ளை: வெளியே பத்தொன்பதுதான் வந்திருக்கிறது.

(டேங்கைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுகிறார்கள். ‘கிளிங்’ என்று கேட்கிறது; வெளியே வரவில்லை. காந்தம் கட்டிய நூலை விட்டுத் துழாவுகிறார்கள். அதுவும் ‘கிளிங்’ என்றுதான் பதில் சொல்கிறது.)

மாமா: விடு. பத்தொன்பது பேர் திரும்பி வந்ததே பெரிது.

(இரண்டு வாரம் கழிகிறது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் கோன் செட்டும் ஃபோர்க் சீலும் மாறிவிட்டன. இவற்றில் மூன்றை மெக்கானிக் மாட்டினார், ஒன்றை மாப்பிள்ளை மாட்ட, பிறகு மெக்கானிக் மாட்டினார். வண்டி இப்போது மூன்றாவது உதையில் எழுகிறது. ஆனால் நீலப் புகை வருகிறது.)

மாப்பிள்ளை: பழுதுக்கு மட்டும் இதுவரை 11,340 ரூபாய் ஆகியிருக்கிறது மாமா. முப்பது ரூபாய் ரப்பர் வளையம் ஒன்று வாங்கச் சிம்மக்கல் போய்வர ஆட்டோவுக்கு 300 ரூபாய்.

மாமா: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். புகைக்கு மெக்கானிக் என்ன சொல்கிறார்?

மாப்பிள்ளை: கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் மிகுதி, நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் மாட்ட வேண்டும், எட்டாயிரம் எடுத்து வையுங்கள் என்கிறார்.

மாமா: வயிற்று வலி என்றவுடன் வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறாரா? புகை எப்போது வருகிறது என்று கேட்டாரா? நீயாவது கவனித்தாயா?

மாப்பிள்ளை: (குறிப்பேட்டைப் புரட்டி) கவனித்து எழுதியிருக்கிறேன். காலையில் முதலில் எழுப்பும்போது ஒரு மேகம். பாலத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி முறுக்கும்போது ஒரு மேகம். ஏற்றத்தில் முறுக்கி ஓட்டும்போது இல்லை... மாமா! ரிங் போயிருந்தால் முறுக்க முறுக்கப் புகை அதிகமாக வேண்டும். நின்றிருந்து எழும்போதும், இறங்கி முறுக்கும்போதும் மட்டும் வந்தால் அது மேலே வால்வு சீல் வழியாகக் கசிகிற ஆயில். அது சின்ன ரப்பர் மூடிதான்!

மாமா: பார்த்தாயா, சாணியைப் பார்த்துத்தான் வயிற்றைச் சொல்ல வேண்டும். ப்ளக் துளையை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு உதைத்தால் விரலைத் தள்ளுகிறதா?

மாப்பிள்ளை: வெடித்துத் தள்ளுகிறது. நேற்றே பார்த்தேன்.

மாமா: அப்படியானால் மூச்சு இருக்கிறது. சீலை மட்டும் மாற்றச் சொல். எட்டாயிரத்துக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம்.

(அடுத்த ஞாயிறு, விடியற்காலை. வறண்டு கிடக்கும் கண்மாய்க் கரை. மாப்பிள்ளை தலைக்கவசமும் கணுக்கால் மறைக்கும் காலணியும் அணிந்து, வண்டியின் பக்கத்தில் நிற்கிறார்; ஏறவில்லை.)

மாமா: ஏன் நிற்கிறாய்?

மாப்பிள்ளை: இருக்கை 840 மில்லிமீட்டர் உயரம் மாமா. என் கால் தரையை எட்டாது. வீட்டில் திண்ணையிலிருந்துதான் ஏறிப் பழகினேன். திண்ணை இருக்கிற இடத்தில்தான் இறங்கவும் முடியும்.

மாமா: மதுரையில் இப்போது யார் திண்ணை வைத்து வீடு கட்டுகிறார்கள்? இனி நீ அத்தனை தூரமும் இறங்காமல்தான் போய்வர வேண்டும். வா, இந்தக் கல்லின் மேல் ஏறு. இரண்டு காலும் எட்ட வேண்டியதில்லை, ஒன்று போதும். இடுப்பைச் சற்று நகர்த்தி ஒரு காலை ஊன்று. அலங்காநல்லூரில் காளையின் எதைப் பிடிப்பார்கள்?

மாப்பிள்ளை: திமிலை.

மாமா: கொம்பைப் பிடித்தாலும் வாலைப் பிடித்தாலும் செல்லாது. இதற்கு டேங்க்தான் திமில். முழங்கால் இரண்டாலும் அதை அணைத்துக்கொள். கொம்பை, அதாவது ஹேண்டிலை, கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல இளக்கமாகப் பிடி. மணலில் அது தலையை ஆட்டும்; ஆட்டட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து நின்று முறுக்கிக்கொண்டே போ.

மாப்பிள்ளை: முன்பிரேக்கைப் பிடிக்கக் கூடாது என்று நானும் படித்தேன்.

(போகிறார். முதல் மணல் திட்டில் முன்பிரேக்கைப் பிடிக்கிறார். படித்தது உண்மைதான் என்று மணலிலிருந்து எழுந்து உறுதிப்படுத்துகிறார். மீண்டும் கல், மீண்டும் ஏற்றம். இம்முறை எழுந்து நின்று, முழங்கால்கள் டேங்கை அணைக்க, கண்மாயின் குறுக்கே ஒரு நீண்ட வளைவு போட்டுத் திரும்புகிறார். ஒவ்வொரு மேட்டிலும் டேங்குக்குள்ளிருந்து இருபதாவது நட்டு ‘கிளிங், கிளிங்’ என்று ஒலிக்கிறது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று பார்க்கிறார்; மாமாவிடம் வந்து ஏதோ கேட்கிறார். மாமா தோள் துண்டை எடுத்து அவர் கையின் மேல் போடுகிறார். துண்டுக்கு அடியில் விரல்கள் அசைகின்றன. மாட்டுத் தரகர்கள் பிறர் அறியாமல் விலை பேசும் முறை அது.)

மாப்பிள்ளை: (மூச்சிரைக்க வந்து, கல்லைத் தேடிக் கால் ஊன்றி) பார்த்தீர்களா மாமா! அவர் என்ன கேட்டார்?

மாமா: மேலூரில் அவருடைய மைத்துனர் இப்படி ஒரு வண்டியை ஓராண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம். இன்று மாலை நான்கு மணிக்கு அழைத்து வருகிறார். விரலில் எழுபது சொன்னேன், அறுபத்தைந்தில் நிற்கிறார்.

மாப்பிள்ளை: நான் இதை விற்கப் போவதாகச் சொல்லவே இல்லையே மாமா! அதுவும் டேங்குக்குள் நட்டு கிடக்கிறதே. சத்தம் கேட்டால் அவர் என்ன நினைப்பார்?

மாமா: கேட்டார். சலங்கை என்று சொல்லிவிட்டேன். நீ விற்காவிட்டால் போ, விலை என்ன என்றாவது தெரிந்துகொள்ளலாம். ஆனால் மூன்றே முக்கால் மணிக்கு மறக்காமல் ஒரு முறை எழுப்பிச் சூடாக்கி வை.